ஏரியா சார்ட்டா, லைன் சார்ட்டா? சென்னை ஏரிகளை வைத்து ஒரு பதில்

கேள்வி இது: "பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் தினசரி நீர் இருப்பைப் பல ஆண்டுகளுக்கு எக்செல்லில் சேர்த்து வைத்திருக்கிறேன். போக்கைக் காட்ட ஏரியா சார்ட் போடச் சொல்கிறார் எங்கள் பேராசிரியர். லைன் சார்ட்டே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. எது சரி? ஏரியா சார்ட் என்றால் எப்படிப் போடுவது?"

உங்கள் தரவுக்கு ஏரியா சார்ட் நன்றாகவே பொருந்தும். ஆனால் இந்தத் தரவை வைத்துக் கேட்கக்கூடிய எல்லாக் கேள்விகளுக்கும் அது பொருந்தாது.

கணக்கில் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. அதே புள்ளிகள், அதே கோடு. கோட்டுக்குக் கீழே பூஜ்யம் வரைக்கும் வண்ணம் பூசினால் ஏரியா சார்ட், அவ்வளவுதான். ஆனால் அந்த வண்ணம் பார்ப்பவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறது: தரையிலிருந்து இந்த உயரம் வரைக்கும் ஏதோ ஒன்று நிரம்பியிருக்கிறது என்று. ஏரித் தண்ணீர் விஷயத்தில் அது உண்மை. பூஜ்யம் என்றால் ஏரி காலி. 3,000 மில்லியன் கன அடி என்றால் 1,500ஐப் போல இரண்டு பங்கு தண்ணீர். வெப்பநிலைக்கு இது பொருந்தாது. 36 டிகிரி என்பது 18 டிகிரியைப் போல இரண்டு மடங்கு சூடு அல்ல. செல்சியஸின் பூஜ்யம் தண்ணீர் உறையும் இடத்தை வைத்து நாமாகக் குறித்துக்கொண்டது. டாலருக்கு ரூபாய் மதிப்பு, சென்செக்ஸ், தேர்ச்சி விகிதம் ஆகியவற்றுக்குப் பூஜ்யம் உண்டு, ஆனால் அவையும் எங்கேயும் நிரம்பி நிற்கும் அளவுகள் அல்ல. இவற்றுக்குக் கோடே போதும், வண்ணம் பூசினால் இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டிவிடும்.

அதனால்தான் ஏரியா சார்ட்டில் ஒய் அச்சு பூஜ்யத்தில் தொடங்கியே ஆக வேண்டும். சென்செக்ஸின் லைன் சார்ட்டில் அச்சை 70,000இல் தொடங்கலாம். ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பதுதான் அங்கே நோக்கம். அதே அச்சில் கீழே வண்ணம் பூசினால் 70,500ஐ விட 71,000 இரண்டு மடங்கு பெரியதாகத் தெரியும். பங்குச் சந்தைச் செயலிகள் பலவற்றில் இதைப் பார்க்கலாம்: நாள் முழுக்க அரை சதவீதம்கூட அசையாத பங்குக்குக் கீழே மலை மாதிரி பச்சை வண்ணம். அழகுக்காகச் செய்வது, அதைப் பார்த்து நீங்களும் செய்யாதீர்கள்.

சார்ட்டுக்குப் போகும் முன் உங்கள் எண்கள் எந்த அலகில் இருக்கின்றன என்று பாருங்கள். தினசரிப் பட்டியல்களில் ஒவ்வொரு ஏரிக்கும் நீர்மட்டம் அடியிலும், இருப்பு மில்லியன் கன அடியிலும் இருக்கும். சார்ட்டுக்கு அடியைப் பயன்படுத்திவிடாதீர்கள். பூண்டியின் முழு உயரம் 35 அடி, செம்பரம்பாக்கத்துக்கு 24 அடி. இரண்டையும் கூட்டி 59 அடி என்றால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. ஒரே நீர்த்தேக்கமாக இருந்தால்கூட அடி ஏமாற்றும். மேட்டூரை எடுத்துக்கொள்ளுங்கள். முழு உயரம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது ஆயிரம் மில்லியன் கன அடி). மட்டம் 60 அடிக்கு இறங்கினால் பாதி அணை இருக்கிறது என்று தோன்றும், ஆனால் இருப்பு 25 டிஎம்சியை ஒட்டித்தான் இருக்கும், கிட்டத்தட்ட கால் பங்கு. அணை மேலே போகப் போக விரிந்துகொண்டே போவதால் மேல் பாதியில்தான் பெரும்பகுதித் தண்ணீர் நிற்கிறது. அடியை வைத்து ஏரியா சார்ட் போட்டால் பாதி வண்ணம் நிரம்பி, பாதி தண்ணீர் இருப்பதாகப் பொய் சொல்லும். நீர்மட்டத்துக்குக் கோடு, நீர் இருப்புக்கு ஏரியா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது எக்செல். முதல் நெடுவரிசையில் தேதி, அடுத்த நான்கில் நான்கு ஏரிகள், ஒரு நாளுக்கு ஒரு வரிசை. இதில் பெரும்பாலும் சிக்குவது தேதிதான். நம் ஊரில் 01.06.2019 என்று புள்ளி வைத்து எழுதுவோம். எக்செல் அதைப் பல கணினிகளில் தேதியாக எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். சாய்கோடு போட்டு எழுதியிருந்தாலும் கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 06/05/2019 என்பது ஜூன் 5 ஆகிவிடும், 13/05/2019 என்பது எழுத்தாகவே நின்றுவிடும். நெடுவரிசையைக் கண்ணால் பாருங்கள்: சில தேதிகள் இடப்பக்கம் ஒட்டியும் சில வலப்பக்கம் ஒட்டியும் நின்றால் கலந்துவிட்டது என்று அர்த்தம். 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' வழியாகப் போய், தேதி வகையில் நாள்-மாதம்-ஆண்டு என்று தேர்ந்தெடுத்தால் எழுத்தாக நிற்பவை சரியாகும். ஏற்கெனவே தவறான தேதியாக மாறிவிட்டவற்றை அது திருத்தாது. மூலத்திலிருந்து மறுபடி எடுப்பதுதான் வழி. தேதிகள் எழுத்தாகவே இருந்தால், இரண்டு வாரம் விடுபட்ட இடம்கூட ஒரே நாள் இடைவெளியாகத் தெரியும். அச்சின் வடிவமைப்பில் 'டேட் ஆக்சிஸ்' என்று இருக்கிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்தது விடுபட்ட நாட்கள். லைன் சார்ட்டில் ஒரு காலிக் கட்டம் இருந்தால் கோடு அறுந்து நிற்கும், பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். ஏரியா சார்ட்டில் அந்த இடத்தில் வண்ணம் சட்டென்று தரைக்கு விழுந்து மறுபடி எழும்பும், ஏரி ஒரே நாளில் வற்றி மறுநாள் நிரம்பியது போல. 'nil' என்றோ சிறு கோடு போட்டோ தட்டச்சு செய்த கட்டங்களையும் எக்செல் பூஜ்யமாகவே வரையும். ஏரி இருப்பு ஒரு நாளில் அதிகம் மாறாது என்பதால், ஓரிரு நாள் விடுபட்டிருந்தால் முன்பின் மதிப்புகளை வைத்து நிரப்பலாம், நிரப்பியதைக் குறிப்பில் சொல்லிவிட வேண்டும். மாதக்கணக்கில் விடுபட்டிருந்தால் நிரப்பாதீர்கள். அந்தக் காலத்தை விட்டுவிட்டு இரண்டு சார்ட்டாகப் போடுங்கள். மழைக்காலத்தில் விடுபட்ட ஒரு மாதத்துக்குள் ஓர் ஏரி காலியிலிருந்து நிரம்பி வழியும் நிலைக்கே போயிருக்கலாம். பைத்தான் நிரல்மொழியில் பாண்டாஸ் என்ற தரவுத் தொகுப்பை வைத்துச் செய்பவர்களுக்கும் இது பொருந்தும்: அதன் ஏரியா சார்ட் வெற்று மதிப்புகளைக் கேட்காமலே பூஜ்யமாக மாற்றிவிடும்.

தரவு சுத்தமானதும், முழுவதையும் தேர்ந்தெடுத்து 'இன்செர்ட்' பகுதியில் லைன், ஏரியா சார்ட்டுகள் சேர்ந்திருக்கும் பொத்தானுக்குப் போனால் மூன்று வகை இருக்கும்: சாதா ஏரியா, அடுக்கு ஏரியா, நூறு சதவீத அடுக்கு. முப்பரிமாண வகைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். சாதா ஏரியாவில் நான்கு ஏரிகளும் ஒன்றின் முன் ஒன்றாக நின்று, பின்னால் இருப்பவற்றை மறைத்துவிடும். வண்ணத்தை மங்கலாக்கினால் பின்னால் இருப்பது தெரியும்தான், ஆனால் இரண்டு வண்ணம் கலந்த இடம் மூன்றாவது ஏரி மாதிரி தோன்றும். இரண்டு தொடர் வரைக்கும் சமாளிக்கலாம், நான்குக்கு முடியாது. உங்களுக்கு வேண்டியது அடுக்கு ஏரியா.

அடுக்கு முறை உங்கள் தரவுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. இந்த ஏரிகள் தனித்தனி அல்ல. ஆந்திராவின் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து வரும் கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வந்து, அங்கிருந்து கால்வாய்கள் வழியாக மற்ற ஏரிகளுக்குப் போகிறது. நான்கு கோடுகள் போட்டால் பூண்டி சரிவதைப் பார்த்துப் பதறுவோம். அடுக்கில் பார்த்தால் பூண்டி மெலியும், புழலோ செம்பரம்பாக்கமோ தடிக்கும், மேல் விளிம்பு அப்படியே நிற்கும். தண்ணீர் இடம் மாறியிருக்கிறது, குறையவில்லை. நகரத்துக்கு மொத்தம் எவ்வளவு இருக்கிறது, அது எங்கெங்கே இருக்கிறது என்ற இரண்டையும் ஒரே படத்தில் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. பாகங்களைக் கூட்டினால் பொருளுள்ள ஒரு மொத்தம் வர வேண்டும் என்பதுதான் அடுக்குவதற்கான நிபந்தனை. நான்கு ஊர்களின் சராசரி மழையை அடுக்கினால் அப்படி ஒரு மொத்தம் வராது.

ஆனால் அடுக்கில் நம்பிப் படிக்கக்கூடியவை இரண்டுதான்: அடியில் இருக்கும் அடுக்கும், மேல் விளிம்பான மொத்தமும். அவை இரண்டும் தட்டையான தரையிலிருந்து அளக்கப்படுகின்றன. நடுவில் இருப்பவை கீழே உள்ளது ஆடும்போதெல்லாம் சேர்ந்து ஆடும். அதனால் வரிசை முக்கியம். எக்செல் நீங்கள் தட்டச்சு செய்த வரிசையிலேயே அடுக்கிவிடும், பூண்டி அடியில் வந்து நிற்கும். அதை அப்படியே ஏற்காதீர்கள். அதிகம் ஆடாத ஏரி அடியில், துள்ளுகிற ஏரி மேலே. நானாக இருந்தால் புழலை அடியிலும் சோழவரத்தை உச்சியிலும் வைத்துப் பார்ப்பேன். சோழவரம் சிறியது, அதன் ஆட்டம் மற்றவற்றைக் கலைக்காமல் இருக்கட்டும். உங்கள் ஆய்வு குறிப்பாகப் பூண்டியைப் பற்றியது என்றால் மட்டும் பூண்டியை அடிக்குக் கொண்டுவாருங்கள். 'செலக்ட் டேட்டா'வில் மேல்-கீழ் அம்புக்குறிகளால் வரிசையை மாற்றலாம்.

கண்ணை ஏமாற்றும் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஓர் அடுக்கின் தடிமனை நாம் செங்குத்தாக அளக்க வேண்டும், ஆனால் கண் அப்படி அளப்பதில்லை. விளிம்புகளுக்கு இடையே எது குறுகிய தூரமோ அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. கோடு செங்குத்தாக ஏறும் இடத்தில் இந்தக் குறுகிய தூரம் மிகவும் சிறியது. வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் சரசரவென நிரம்பும் நாட்களில் மேலே உள்ள அடுக்குகள் ஒல்லியாகத் தெரிவது இதனால்தான், உண்மையில் அவை தடித்துக்கொண்டிருக்கலாம்.

இது வரைபடம் என்ற கலை தொடங்கிய காலத்திலிருந்தே உள்ள பிரச்சினை. இத்தகைய சார்ட்டுகளின் முன்னோடியான வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட அட்லஸில் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதி என்று இரண்டு கோடுகள் போட்டு, நடுவில் உள்ள இடைவெளியை வணிக மிச்சமாகக் காட்டினார். அதில் ஒன்று கிழக்கிந்திய நாடுகளுடனான வணிகம், அதாவது நம் பக்கத்து வணிகமும் சேர்ந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து, 1984இல், புள்ளியியலாளர்கள் வில்லியம் கிளீவ்லாண்டும் ராபர்ட் மெக்கில்லும் அந்த இடைவெளியை மட்டும் தனியாகக் கணக்கிட்டு வரைந்து பார்த்தார்கள். 1760ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது வேகமாக ஏறி இறங்கியிருக்கிறது. பிளேஃபேரின் படத்தில் இரண்டு கோடுகளும் அங்கே செங்குத்தாக ஏறுவதால் யார் கண்ணுக்கும் அது படுவதில்லை. இதிலிருந்து உங்களுக்கு வேண்டிய பாடம் எளியது: அடுக்கைப் பார்த்து "செம்பரம்பாக்கம் குறைந்தது" என்று அறிக்கையில் எழுதுவதற்கு முன்னால், செம்பரம்பாக்கத்தை மட்டும் தனிக் கோடாகப் போட்டுப் பாருங்கள். நான்கு ஏரிக்கும் நான்கு சிறிய சார்ட், ஒரே அச்சளவில், பெரிய அடுக்குக்குக் கீழே வைத்தால் இன்னும் நல்லது.

நூறு சதவீத அடுக்கு வகையைப் பலரும் அழகாக இருக்கிறது என்று எடுத்துப் போடுகிறார்கள். மொத்தத்தில் யாருடைய பங்கு எவ்வளவு என்று மட்டுமே அது காட்டும், மொத்தத்தையே மறைத்துவிடும். உங்கள் தரவில் இது எவ்வளவு ஆபத்து என்று 2019 ஜூனில் பாருங்கள். நான்கு ஏரிகளும் சேர்ந்து கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட இல்லாத நேரம் அது. அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நூறு சதவீத அடுக்கில் அந்த ஜூனும் மேலிருந்து கீழ் வரை வண்ணம் நிரம்பி நிற்கும். குளத்தில் கிடக்கும் கடைசிச் சேற்று நீர் எந்த ஏரியில் எத்தனை சதவீதம் என்று துல்லியமாகக் காட்டி, ஊர் தவித்ததைக் காட்டாத படம். இந்த வகையை, மொத்தம் பெரிதாக மாறாத தரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தக் கொள்ளளவையும் ஒரு கோடாகச் சேருங்கள். அது இல்லாமல் 6,000 என்பது நல்லதா கெட்டதா என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. கூட்டினால் 11,257 மில்லியன் கன அடி. பழைய பட்டியல்களில் சோழவரம் 881, மொத்தம் 11,057 என்று இருக்கும், குழம்ப வேண்டாம். 2020 நவம்பரில் தேர்வாய்க்கண்டிகை நீர்த்தேக்கம் 500 மில்லியன் கன அடிக் கொள்ளளவோடு திறக்கப்பட்டது. உங்கள் தரவில் அது இல்லை. பிற்காலத்து மொத்தத்தைச் செய்திகளிலிருந்து எடுத்திருந்தால் மட்டும் அது உள்ளே வந்திருக்கும், அப்படியானால் ஒரு நாளில் மேல் விளிம்பு எகிறுவது மழையால் அல்ல, கணக்கில் ஓர் ஏரி கூடியதால். ஐந்தாவது அடுக்காக அதைத் தனியே காட்டுங்கள், கொள்ளளவுக் கோட்டையும் அந்தத் தேதியில் 11,757க்கு ஒரு படி ஏற்றுங்கள். எக்செல்லில் கொள்ளளவைத் தனி நெடுவரிசையாக எழுதி, அந்தத் தொடரின் சார்ட் வகையை மட்டும் லைனாக மாற்றினால் போதும்.

இருப்பு ஒரு பக்கம், வரத்தும் வெளியேற்றமும் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே மாதிரி நினைக்கக் கூடாது. இருப்பின் ஏரியா சார்ட்டில் உயரத்துக்குத்தான் பொருள். ஒரு மாத வண்ணப் பரப்பைக் கூட்டினால் எந்தத் தண்ணீரும் வராது. ஆனால் விநாடிக்கு இத்தனை கன அடி என்ற வெளியேற்றத்தை வரைந்தால், கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பே வெளியேறிய தண்ணீரின் அளவு. ஒரு நாளில் 86,400 விநாடி, ஆகவே விநாடிக்கு ஆயிரம் கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 86.4 மில்லியன் கன அடி. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அந்த அளவில் ஒரு முழு நாள் ஓடினால் சுமார் 2,500 மில்லியன் கன அடி, அந்த ஏரியின் முழுக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு. வெறும் கோடு உச்சத்தை மட்டும் சொல்லும். எத்தனை மணி நேரம் அந்த உச்சம் நீடித்தது, மொத்தம் எவ்வளவு தண்ணீர் போனது என்பதை வண்ணப் பரப்புதான் கண்ணுக்குக் காட்டும். ஏரியா சார்ட் முழுத் தகுதியோடு நிற்கும் இடம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அந்த 2015 டிசம்பர் இருப்புச் சார்ட்டில் எப்படித் தெரியும் தெரியுமா? கொள்ளளவுக் கோட்டை ஒட்டித் தட்டையாக நிற்கும், அவ்வளவுதான். ஏரி நிரம்பிய பிறகு பெய்வது எதுவும் இருப்பில் சேராது. கீழே பூஜ்யத்திலும் இதே கதை. ஆகவே நீர் இருப்பின் போக்கை மழையின் போக்கு என்று எழுதிவிடாதீர்கள். மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. ஏரிகளிலிருந்து எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதும் அதனால் மாறக்கூடியதே. கோடு உயர்வதற்கு வானம் மட்டுமே காரணம் அல்ல.

போக்கு என்று வந்தால் பருவகாலமும் குறுக்கே நிற்கும். மழைக்காலத்தில் ஏறி, கோடையில் இறங்கும் அலைதான் கண்ணை நிறைக்கும். பத்தாண்டில் நிலைமை எப்படி நகர்ந்தது என்பது அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு நாளுக்கும் முந்தைய 365 நாள் சராசரியைக் கணக்கிட்டு, அடுக்கின் மேல் அடர்த்தியான ஒரே கோடாகப் போடுங்கள். 30 நாள் சராசரி போட்டால் பருவ அலை அப்படியே தங்கிவிடும், முழு ஆண்டு எடுத்தால்தான் அது கரையும். அப்புறம், "இந்த ஆண்டு 2019 மாதிரி ஆகுமா?" என்ற கேள்விக்கு ஏரியாவே வேண்டாம். ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரே அச்சில், ஆண்டுக்கு ஒரு கோடு, மொத்த இருப்பு மட்டும். பழைய ஆண்டுகள் சாம்பல் நிறத்தில், 2019உம் நடப்பு ஆண்டும் மட்டும் அழுத்தமாக. இந்த இடத்தில் நீங்கள் சொன்ன லைன் சார்ட்தான் சரி, பேராசிரியரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

கடைசியாகத் தோற்றம். நான்கு ஏரிக்கும் நான்கு பளிச் நிறம் வேண்டாம், ஒரே நீலத்தின் நான்கு அடர்த்திகள் போதும், எல்லாமே தண்ணீர்தானே. அடுக்குகளுக்கு இடையே மெல்லிய வெள்ளைக் கோடு விட்டால் பிரிந்து தெரியும். எந்த நிறம் எந்த ஏரி என்று ஓரத்தில் தனியாகச் சொல்லும் லெஜெண்டை எடுத்துவிட்டு, ஏரியின் பெயரை அந்தந்த அடுக்குக்குள்ளேயே, அது தடிமனாக இருக்கும் இடத்தில் எழுதுங்கள். சார்ட் உயரத்தைவிட அகலத்தில் நன்றாக நீண்டிருக்கட்டும். குறுக்கினால் ஏற்றங்கள் எல்லாம் செங்குத்தாகி, மேலே சொன்ன கண் ஏமாற்று இன்னும் மோசமாகும். உங்கள் துறையில் அறிக்கையைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுப்பார்கள் என்றால் ஒரு பக்கத்தை அப்படி அச்செடுத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து நீலங்கள் ஒரே சாம்பலாக வந்தால் அடர்த்திகளை இன்னும் கொஞ்சம் விலக்கி வையுங்கள்.